விடையை எப்போது நம்பலாம்?
செயற்கை நுண்ணறிவின் முதல் பாடத்திட்டம் பற்றிய சொற்பொழிவு



பொறியியல் கலந்தாய்வில் 'செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும்' என்ற பிரிவு இன்று எல்லா வீடுகளிலும் பேசப்படுகிறது. கட்-ஆஃப் என்ன, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம், படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்றெல்லாம் விசாரிக்கிறோம். அந்த வகுப்பில் முதலில் என்ன சொல்லித் தருவார்கள் என்று விசாரிப்பவர்கள் குறைவு. மாணவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "சாட்ஜிபிடி மாதிரி ஒன்றைச் செய்யக் கற்றுக்கொடுப்பார்கள்." அந்த நினைப்போடு வகுப்புக்கு வருகிற பிள்ளை, முதல் யூனிட்டில் ருமேனியா நாட்டு வரைபடத்தையும் எண்களை நகர்த்தும் புதிரையும் பார்த்ததும் திகைத்துப்போகிறது. இதையெல்லாம் எதற்குப் படிக்க வேண்டும், நேராக இன்றைய தொழில்நுட்பத்துக்கே போய்விடலாமே என்று கேட்கிறது.

நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவின் முதல் பாடத்திட்டம், ஒரு விடையை எப்போது நம்பலாம் என்பதைக் கற்றுத் தருகிற பாடம். விடையைத் தருவதற்கு இன்று கருவிகள் நிறைய வந்துவிட்டன. அந்த விடையை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம், எதை வைத்து நம்பலாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் நமக்கு வேண்டும். அந்தப் பயிற்சியை முதல் செமஸ்டரில் கொடுக்காவிட்டால் பிறகு கொடுப்பது கடினம்.

பழைய வேர்கள்

இந்தத் துறை நேற்று முளைத்தது அன்று. இங்கிலாந்தின் ஆலன் டூரிங் 1950-ல் 'மைண்ட்' என்ற தத்துவ இதழில், இயந்திரங்களால் சிந்திக்க முடியுமா என்ற கேள்வியை எழுப்பி ஒரு கட்டுரை எழுதினார். 1955-ல் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நாதானியேல் ரோசெஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வரும் ஒரு கோடைக்காலக் கருத்தரங்கு நடத்த நிதி கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த விண்ணப்பத்தில்தான் இந்தத் துறைக்கு இன்றிருக்கும் ஆங்கிலப் பெயர் வைக்கப்பட்டது. 1956-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கருத்தரங்கு கூடியது. ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன், கிளிஃப் ஷா மூவரும் உருவாக்கிய 'லாஜிக் தியரிஸ்ட்' என்ற நிரல், ரஸலும் வைட்ஹெட்டும் எழுதிய 'பிரின்சிப்பியா மேத்தமேட்டிகா' நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் உள்ள முதல் 52 தேற்றங்களில் 38-ஐ நிறுவிக் காட்டியது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, நம் கைப்பேசியின் திறனில் சிறு பங்குகூட இல்லாத கணினியில் நடந்தது இது.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் கட்டடப் பொறியியல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, பின்னர் ஸ்டான்ஃபோர்டு சென்று, மேலே சொன்ன அதே ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து 1966-ல் முனைவர் பட்டம் பெற்றார். மனிதப் பேச்சைக் கணினி புரிந்துகொள்ளும் ஆய்வில் முன்னோடியானார். 1994-ல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன் சேர்ந்து, கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதைப் பெற்றார். ஆசியாவில் பிறந்தவர்களில் அந்த விருதை முதலில் பெற்றவர் அவர்தான். கிண்டியின் வழியாக அந்த உயரத்துக்குப் போனவர் ஒருவர் இருக்கிறார் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆராத்திலிருந்து புக்காரெஸ்டுக்கு

இப்போது அந்த ருமேனியா வரைபடத்துக்கு வருவோம். உலகில் 1,500-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் பாடநூலாக இருக்கும் புத்தகம் ஒன்று உண்டு. ஸ்டூவர்ட் ரஸலும் பீட்டர் நார்விக்கும் எழுதியது. முதல் பதிப்பு 1995-ல் வந்தது, நான்காம் பதிப்பு 2020-ல் வந்தது. தேடல் என்ற பகுதியை அவர்கள் ருமேனியாவின் சாலை வரைபடத்தை வைத்துத்தான் விளக்குகிறார்கள். மேற்கே ஆராத் என்ற ஊரில் இருக்கிறோம். தலைநகர் புக்காரெஸ்டுக்குப் போக வேண்டும். மிகக் குறைந்த தூரத்து வழி எது?

நம்மிடம் இரண்டு தகவல்கள் உள்ளன. ஒன்று, ஊருக்கு ஊர் சாலை தூரம். மற்றொன்று, ஒவ்வோர் ஊரிலிருந்தும் புக்காரெஸ்டுக்கு வானத்தில் நேர்கோடு போட்டால் எவ்வளவு தூரம் என்பது. முதலாவது உண்மைக் கணக்கு. இரண்டாவது உத்தேசக் கணக்கு. ஏ-ஸ்டார் என்ற அல்காரிதம் இந்த இரண்டையும் கூட்டுகிறது. இதுவரை வந்த தூரம், இனிப் போக வேண்டிய உத்தேச தூரம், இரண்டின் கூட்டுத்தொகை எந்த ஊருக்குக் குறைவோ அந்த ஊரை முதலில் எடுத்துப் பார். விதி இவ்வளவுதான். 1968-ல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ரஃபேல் மூவரும் இதை வெளியிட்டார்கள். ஷேக்கி என்ற ரோபோ அறைக்கு அறை நகர்ந்து செல்ல வழி கண்டுபிடிக்கும் பணியின்போது பிறந்த யோசனை இது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆராத்திலிருந்து மூன்று சாலைகள் பிரிகின்றன. சிபியூ 140 கிலோமீட்டர், அங்கிருந்து தலைநகருக்கு நேர்கோட்டில் 253, மொத்தம் 393. திமிசோவாரா 118, நேர்கோட்டில் 329, மொத்தம் 447. செரிந்த் 75, நேர்கோட்டில் 374, மொத்தம் 449. செரிந்த்தான் பக்கத்து ஊர். ஆனால் அது திசை மாறிப் போகும் ஊர் என்பதைக் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனவே சிபியூவை எடுக்கிறோம். அங்கிருந்து ஃபகராஷுக்குப் போனால் வந்த தூரம் 239, உத்தேசம் 176, மொத்தம் 415. ரிம்னிக்குவுக்குப் போனால் வந்த தூரம் 220, உத்தேசம் 193, மொத்தம் 413. இரண்டே கிலோமீட்டர் வித்தியாசம். 413-ஐ முதலில் எடுக்கிறோம். அங்கிருந்து பிதெஷ்தி என்ற ஊர் தெரிகிறது. அதன் மொத்தம் 417. அடுத்து 415 என்று காத்திருக்கும் ஃபகராஷை எடுக்கிறோம். ஃபகராஷிலிருந்து நேராக புக்காரெஸ்டுக்கே சாலை இருக்கிறது. 211 கிலோமீட்டர். சேர்த்தால் 450.

மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். விடை கைக்கு வந்துவிட்டது. புக்காரெஸ்டுக்குப் போகும் ஒரு முழு வழி கிடைத்துவிட்டது. அவசரப்படுகிறவர் இங்கேயே நோட்டை மூடிவிடுவார். ஏ-ஸ்டார் மூடுவதில்லை. பட்டியலில் 417 என்று பிதெஷ்தி இன்னும் காத்திருக்கிறது. 450-ஐவிடக் குறைந்த வழி அதன் வழியாக இருக்கலாம் அல்லவா? எனவே அதையும் எடுத்துப் பார்க்கிறது. பிதெஷ்தியிலிருந்து புக்காரெஸ்ட் 101 கிலோமீட்டர். மொத்தம் 418. முதலில் கிடைத்ததைவிட 32 கிலோமீட்டர் குறைவு. இப்போது பட்டியலில் மீதமிருக்கும் எல்லாமே 418-ஐவிடப் பெரிய எண்கள். இப்போதுதான் அது நிற்கிறது.

இந்த நிறுத்தத்துக்கு ஓர் உத்தரவாதம் உண்டு. நேர்கோட்டு தூரம் சாலை தூரத்தைவிட ஒருபோதும் கூடாது. ஆகவே திமிசோவாரா வழியாக எப்படிச் சுற்றினாலும் 447-க்குக் குறைய வாய்ப்பே இல்லை. அந்த வழியில் போய்ப் பார்க்காமலேயே அதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. உத்தேசம் உண்மையை மிஞ்சாதவரை, ஏ-ஸ்டார் தரும் வழியே மிகக் குறைந்த வழி என்று கணிதத்தில் நிறுவலாம். உத்தேசம் மிஞ்சினால் அந்த உத்தரவாதம் போய்விடும். விடை கிடைத்ததா என்று கேட்பது ஒரு நிலை. இதைவிட நல்ல விடை இருக்கவே முடியாது என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பது அதற்கு மேல் நிலை. முதல் யூனிட் மாணவனை அந்த மேல் நிலைக்கு ஏற்றுகிறது. கையால் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கு அது மறக்காது.

எண்ணிக்கையின் பெருக்கம்

வரைபடத்தில் ஊர்கள் இருபதுதான். எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே, இத்தனை தந்திரம் எதற்கு என்று சிலருக்குத் தோன்றும். அதற்காகத்தான் எண் புதிர். மூன்றுக்கு மூன்று சட்டத்தில் எட்டு எண்கள், ஒரு காலியிடம். எண்களை நகர்த்தி வரிசைப்படுத்த வேண்டும். ஒரு தொடக்க நிலையிலிருந்து போய்ச் சேரக்கூடிய நிலைகள் 1,81,440. கணினிக்கு இது சிறிய எண். ஒரு கிடைவரிசையும் ஒரு நெடுவரிசையும் கூட்டி நான்குக்கு நான்கு ஆக்கினால், அதே எண்ணிக்கை 10 லட்சம் கோடியைத் தாண்டிவிடுகிறது. பார்க்கப் புதிர் கொஞ்சம்தான் பெரிதாகியிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணம் உடைந்துவிடுகிறது.

இந்தப் புதிரில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எண்களைச் சட்டத்தில் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்றால், எட்டு எண் புதிரில் 3,62,880 விதம் உண்டு. நகர்த்தி அடையக்கூடியவை அதில் சரிபாதிதான். மறுபாதியை யாராலும், எந்தக் கணினியாலும், எத்தனை காலமானாலும் அடைய முடியாது. பதினைந்து எண் புதிரில் 14-ஐயும் 15-ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டால் தீராது என்பதை ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879-லேயே நிறுவிவிட்டார்கள். சில கேள்விகளுக்கு 'முடியாது' என்பதே சரியான விடை. அதைத் தேடாமலே நிறுவலாம். முடியாத ஒன்றுக்கும் ஏதாவது ஒரு விடையைத் தந்தே தீருகிற இயந்திரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இங்கேதான் மாணவர் முதன்முதலாக யோசிக்கத் தொடங்குகிறார்.

சதுரங்கம் இதைவிடக் கடினம், ஏனென்றால் அதில் எதிராளி உண்டு. சராசரியாக ஒரு நிலையில் முப்பத்தைந்து நகர்வுகள் சாத்தியம். நான் இதை நகர்த்தினால் அவர் எனக்கு மிகக் கெடுதலானதைத்தான் நகர்த்துவார் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட வேண்டும். பார்க்கத் தேவையில்லாத கிளைகளை வெட்டிவிடும் ஆல்ஃபா-பீட்டா முறை இதற்கு உதவுகிறது. நகர்வுகளை நல்ல வரிசையில் எடுத்தால், அதே நேரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆழம் போகலாம். விடையோ மாறாது. வேகத்துக்காக விடையைக் காவு கொடுக்காத சிக்கனம் அது. 1997 மே மாதம் ஐபிஎம்மின் டீப் புளூ என்ற கணினி, நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்து, உலகச் சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் வென்றது. அந்த வெற்றிக்குள் இருந்த அடிப்படை யோசனையைப் பொறியியல் மாணவர் ஒருவர் இரண்டு லேப் வகுப்புகளில் பைத்தானில் எழுதிவிடலாம்.

விதிகளும் நிகழ்தகவும்

அடுத்த கட்டம் அறிவைக் கணினிக்குள் எழுதி வைப்பது. 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின் என்ற அமைப்பில் ஏறத்தாழ 600 விதிகள் இருந்தன. ரத்தத்தில் கிருமித்தொற்று வந்தவருக்கு எந்த ஆன்டிபயாட்டிக், எவ்வளவு கொடுக்கலாம் என்று அது சொல்லும். சோதனையில் நிபுணர்களுக்கு இணையாகத் தேறியது. ஆனாலும் மருத்துவமனையில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. அதனிடம் இருந்த ஒரு குணம் இன்றும் நமக்குப் பாடம். 'இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறாய்?' என்று மருத்துவர் திருப்பிக் கேட்டால், தான் எந்த விதியைப் பின்பற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அது எடுத்துக்காட்டும். காரணம் கேட்கும் உரிமை பயன்படுத்துகிறவருக்கு இருந்தது.

'இப்படி இருந்தால் அப்படி' என்ற விதிகள் உலகத்துக்குப் போதவில்லை. காய்ச்சல் இருந்தால் டெங்கு என்று யாரும் விதி எழுத முடியாது. இங்கேதான் நிகழ்தகவு வருகிறது. 1980-களில் ஜூடியா பேர்ல் வகுத்த, நிகழ்தகவுகளை ஒன்றோடொன்று இணைத்துக் கணிக்கும் பேயீசியன் வலையமைப்புகள் இந்தத் துறையின் போக்கையே மாற்றின. 2011-ம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

வகுப்பில் நான் விரும்பி நடத்தும் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். பெற்றோர்களும் சேர்ந்து போட்டுப் பாருங்கள். ஒரு நோய் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை உண்டு. நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரை அது சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். உங்களுக்கு 'இருக்கிறது' என்று முடிவு வந்திருக்கிறது. உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

பெரும்பாலோர் தொண்ணூறு சதவீதம் என்பார்கள். எண்ணிப் பார்ப்போம். நோய் உள்ளவர்களில் 'இருக்கிறது' என்று வருபவர்கள் 9 பேர். நோய் இல்லாத 990 பேரில் தவறாக வருபவர்கள் 89 பேர். ஆக 98 பேர் கையில் அதே காகிதம் இருக்கிறது. அதில் உண்மையான நோயாளிகள் 9 பேர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பரிசோதனை மோசமானது அன்று, நோய் அரிதானது. அந்த அரிதான தன்மையைக் கணக்கில் சேர்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்தவர் வீணாகப் பயந்துபோகிறார். அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று தள்ளுவதும் பிழை. நூற்றுக்கு ஒன்றாக இருந்த வாய்ப்பை அது நூற்றுக்கு ஒன்பதாக உயர்த்தியிருக்கிறது. அடுத்த பரிசோதனைக்குப் போக அது போதுமான காரணம். நம்பு அல்லது நம்பாதே என்ற இரண்டே நிலைகளில் நின்றவரை, எவ்வளவு நம்பு என்ற நிலைக்கு நிகழ்தகவு கொண்டுவருகிறது.

கற்கும் இயந்திரம்

இனி எல்லோரும் எதிர்பார்க்கும் நியூரல் நெட்வொர்க். அதன் எளிய வடிவமான பெர்செப்ட்ரானை ஃபிராங்க் ரோசன்பிளாட் 1958-ல் வெளியிட்டார். உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணையும் ஓர் எடையால் பெருக்கி, கூட்டி, கூட்டுத்தொகை ஒரு வரம்பை எட்டினால் 'ஆம்', இல்லாவிட்டால் 'இல்லை' என்று சொல்லும் அமைப்பு அது. விடை தவறினால் எடைகளைச் சற்றுத் திருத்தும். அதுதான் கற்றல்.

அதன் எல்லையைக் காட்ட நம் வீட்டு மாடிப்படி விளக்கே போதும். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டும் வெவ்வேறு பக்கம் இருந்தால் விளக்கு எரியும். ஒரே பக்கம் இருந்தால் அணையும். இந்த எளிய விதியை ஒற்றைப் பெர்செப்ட்ரானால் கற்க முடியாது. காரணத்தைக் கரும்பலகையில் நான்கு வரியில் எழுதலாம். கீழ் சுவிட்ச் மட்டும் மாறினால் எரிய வேண்டும் என்பதால் அதன் எடை வரம்பை எட்ட வேண்டும். மேல் சுவிட்ச் மட்டும் மாறினாலும் எரிய வேண்டும் என்பதால் அதன் எடையும் வரம்பை எட்ட வேண்டும். எதுவும் மாறாதபோது அணைந்திருக்க வேண்டும் என்பதால் வரம்பு பூஜ்ஜியத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அப்படியானால் இரண்டும் மாறும்போது கூட்டுத்தொகை வரம்பை இன்னும் நன்றாகத் தாண்டிவிடும், விளக்கு எரிந்துவிடும். ஆனால் அப்போது அணைய வேண்டும். எத்தனை நாள் பயிற்சி கொடுத்தாலும் இந்த முரண்பாடு தீராது.

மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் 1969-ல் எழுதிய நூல் இத்தகைய எல்லைகளை விரிவாக எடுத்துக்காட்டியது. அதன் பிறகு இந்த ஆய்வில் ஆர்வம் பெரிதும் குறைந்தது. உள்ளீட்டுக்கும் விடைக்கும் நடுவில் இன்னோர் அடுக்கு பெர்செப்ட்ரான்களைச் சேர்த்தால் மாடிப்படிக் கணக்கு தீர்ந்துவிடும். பல அடுக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கும் முறையை 1986-ல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டுப் பரவலாக்கினார்கள். 2012-ல் ஹின்டனின் மாணவர்கள் உருவாக்கிய அலெக்ஸ்நெட் என்ற நெட்வொர்க், படங்களை அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் மற்றவர்களைப் பெரிய இடைவெளியில் பின்தள்ளியது. 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்பை வெளியிட்டார்கள். இன்று நம்மோடு உரையாடும் கருவிகள் அதன் மேல்தான் நிற்கின்றன.

கற்கும் இயந்திரத்தை எப்படிச் சோதிப்பது? பயிற்சிக்குக் கொடுத்த தரவை வைத்தே சோதிக்கக் கூடாது. ஒரு பங்கை முதலிலேயே தனியாக எடுத்து மூடி வைத்துவிட்டு, கடைசியில்தான் திறக்க வேண்டும். அதோடும் வேலை முடியாது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் யாருக்குத் தவறுகிறது என்பது மறைந்துவிடும். ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களை அவர்கள் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. பிரித்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. நம்மைப் போன்ற நிறமுள்ள மக்கள் வாழும் நாட்டில், எந்த முகங்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள் என்று கேட்கத் தெரியாத பொறியாளர் இருக்கக் கூடாது.

உரையாடும் கருவிகளையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று, ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பெற்ற நிகழ்தகவை வைத்து அவை சொல் சொல்லாகக் கோத்துச் செல்கின்றன. அதன் பயன் மிகப் பெரியது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஏ-ஸ்டார் தன் விடைக்குக் கொடுத்த உத்தரவாதம் அங்கே இல்லை. மைசின் காட்டியதைப் போல 'இந்த விதியால் சொன்னேன்' என்று கையைப் பிடித்துக் காட்டுவதும் இல்லை. சரியான வாக்கியமும் தவறான வாக்கியமும் ஒரே சரளத்தோடு வருகின்றன. முதல் பாடத்திட்டத்தை ஒழுங்காகப் படித்த மாணவருக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். நேராகக் கடைசி யூனிட்டுக்குத் தாவியவருக்குத் தெரியாது. அதனால்தான் ருமேனியாவிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

எப்படிக் கற்பிப்பது?

இதைக் கற்பிக்க நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் டிநீரோவும் டான் கிளைனும் பேக்மேன் விளையாட்டை வைத்து லேப் பயிற்சிகளை வகுத்தார்கள். முதல் பயிற்சியில் பேக்மேனுக்கு வழி தேடித் தர வேண்டும். அடுத்ததில் பேய்களை எதிராளியாக வைத்து ஆட வேண்டும். பிறகு கண்ணுக்குத் தெரியாத பேய் எங்கே இருக்கும் என்று நிகழ்தகவால் கணிக்க வேண்டும். ஒரே விளையாட்டு பாடத்திட்டம் முழுவதற்கும் தோள் கொடுக்கிறது. 2011-ல் செபாஸ்டியன் துருனும் பீட்டர் நார்விக்கும் ஸ்டான்ஃபோர்டின் தொடக்க வகுப்பை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முடித்தார்கள். இந்தப் பாடத்தின் மேல் உலகத்துக்கு எவ்வளவு பசி இருக்கிறது என்பதை அது காட்டியது. ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 2018-ல் பொதுமக்களுக்கென்றே ஓர் இலவசப் பாடத்தைத் தொடங்கியது.

வெளிநாட்டை மட்டுமே பார்க்க வேண்டியதில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்த தீபக் கெமானி 2013-ல் எழுதிய 'எ ஃபர்ஸ்ட் கோர்ஸ் இன் ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' நூல் தேடலை மிக விரிவாக எடுத்துச் சொல்கிறது. அவருடைய விரிவுரைகள் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஐஐடி ஹைதராபாத் 2019-ல் இத்துறைக்கென்றே தனி பி.டெக் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நமக்குப் பாடப்பொருளுக்கும் ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லை.

நம் தேர்வு முறையைப் பற்றி மட்டும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஏ-ஸ்டார் அல்காரிதத்தை விளக்குக' என்று 16 மதிப்பெண்ணுக்குக் கேட்டால், மாணவர் மனப்பாடம் செய்ததை எழுதிவிட்டுப் போய்விடுவார். வரைபடத்தைக் கொடுங்கள். ஓர் ஊரின் உத்தேச தூரத்தை வேண்டுமென்றே உண்மையைவிடக் கூட்டிக் கொடுங்கள். விடை ஏன் தவறியது என்று கேளுங்கள். லேபில் ரெக்கார்டு நோட்டின் அழகைப் பார்ப்பதைவிட, மாணவர் எழுதிய நிரல் எந்த உள்ளீட்டில் தவறும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். வைவாவில் 'எப்படி நம்புகிறாய்?' என்ற ஒரு கேள்வியைக் கட்டாயமாகச் சேருங்கள்.

பெற்றோர்களே, இந்தப் பிரிவில் சேரும் பிள்ளைக்குக் கணிதம் கட்டாயம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பின் நிகழ்தகவு, அணிகள், வகைக்கெழு இவையெல்லாம் இங்கே ஒவ்வொரு நாளும் தேவைப்படும். அவற்றைத் தேர்வோடு மறந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இயந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடும், இனிப் படித்து என்ன பயன் என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். இயந்திரம் சொல்வதைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கு மருத்துவமனையிலும் வங்கியிலும் நீதிமன்றத்திலும் வேளாண் துறையிலும் தேவை கூடிக்கொண்டேதான் போகும்.

மாணவ மாணவியரே, உங்களுக்கு இறுதியாகச் சொல்வது இது. முதல் செமஸ்டரில் ஓர் அல்காரிதத்தையாவது கணினியைத் தொடாமல் காகிதத்தில் முழுவதுமாகப் போட்டுப் பாருங்கள். எழுதும் ஒவ்வொரு நிரலுக்கும் அது தவறும் இடத்தை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். எந்தக் கருவி எந்த விடை தந்தாலும், அதை நம்புவதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பயன்படுத்துங்கள். முடியாவிட்டால் மேலும் தேடுங்கள். நாளைக்கு நீங்கள் செய்யும் அமைப்பு ஒருவருக்குக் கடன் கிடைக்குமா, சிகிச்சை கிடைக்குமா, வேலை கிடைக்குமா என்று தீர்மானிக்கும். அந்த மனிதர் 'ஏன்?' என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அதற்கு இன்றிலிருந்தே தயாராகுங்கள்.